விளம்பரம் முதல் வலைப்பக்கம் வரை: விற்பனைக்கு உதவும் வடிவமைப்பைச் செய்துகொள்வது எப்படி?

புதிய லோகோ, புதிய விளம்பரம், புதிய இணையதளம் என்று ஒரு நிறுவனத்தில் பேச்சு தொடங்கியதும், எந்த நிறம், எந்தப் படம், எந்த எழுத்துரு என்பவற்றிலேயே அது போய்ச் சிக்கிக்கொள்வது வழக்கம். இவை எல்லாமே பின்னால் வர வேண்டிய கேள்விகள். பார்க்கப்போகிறவர் யார், பார்த்த பிறகு அவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம் என்ன என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டால், நிறத்தையும் படத்தையும் பற்றிய வாதங்களில் பாதி தாமாகவே அடங்கிவிடும். விளம்பரத்தை ஒருவரிடமும் இணையதளத்தை வேறொருவரிடமும் கொடுத்து, இரண்டையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேலைகளாக நடத்துவதுதான் விளம்பரப் பணம் வீணாவதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. வாடிக்கையாளருக்கு அவை இரண்டும் ஒரே பேச்சின் தொடர்ச்சி. விளம்பரத்தில் தொடங்கிய பேச்சை வலைப்பக்கம் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகாமல் வடிவமைப்பைச் செய்துகொள்ளும் முறையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு பக்க வேலைக்குறிப்பு

வடிவமைப்பாளரிடம் போவதற்கு முன், ஒரு பக்கத்துக்கு மிகாமல் வேலைக்குறிப்பு ஒன்றை எழுதுங்கள். ‘நவீனமாக இருக்க வேண்டும்’, ‘கண்ணைப் பறிக்க வேண்டும்’ போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. அவற்றை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். பலமுறை திருத்தம் கேட்டு இரு தரப்பும் சலித்துப்போன பிறகுதான் அந்த வேறுபாடு வெளியே வரும். எடுத்துக்காட்டாக, சிறு நிறுவனங்களுக்கான சம்பளக் கணக்கு மென்பொருளை விற்பவர் இப்படி எழுதலாம்:

“பார்ப்பவர்: 20 முதல் 100 ஊழியர்கள் வரை உள்ள நிறுவனத்தின் கணக்காளர். சம்பளக் கணக்கை இப்போது எக்ஸெலில் போடுகிறார். விளம்பரத்தைக் கைப்பேசியில் பார்ப்பார்; விவரங்களை அலுவலகக் கணினியில் படிப்பார். அவர் செய்ய வேண்டியது: ஒரு மாத இலவசப் பயன்பாட்டுக்குப் பதிவு செய்வது. அவரைத் தடுப்பது: பழைய கணக்குகளை மாற்றும்போது தவறு நேர்ந்துவிடுமோ என்ற பயம். நாம் காட்டக்கூடிய சான்று: எக்ஸெல் கோப்பை அப்படியே ஏற்றிக்கொண்டு, பழைய கணக்கையும் புதிய கணக்கையும் அருகருகே ஒப்பிட்டுக் காட்டும் திரை.”

இதில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் வடிவமைப்பின் பெரும்பகுதி இங்கேயே முடிவாகிவிட்டது. கைகுலுக்கும் மனிதர்களின் படமும் மடிக்கணினியைப் பார்த்துச் சிரிக்கும் அலுவலர்களின் படமும் தேவையில்லை. அந்த ஒப்பீட்டுத் திரைதான் விளம்பரத்தின் மையப் படம். தலைப்பும் ‘உங்கள் நிறுவனத்தின் நம்பகமான கூட்டாளி’ என்று எந்த நிறுவனமும் போட்டுக்கொள்ளக்கூடிய வாசகமாக இல்லாமல், ‘உங்கள் எக்ஸெல் கணக்கை அப்படியே ஏற்றுங்கள், வித்தியாசம் இருந்தால் நாங்கள் காட்டுகிறோம்’ என்று கணக்காளரின் பயத்துக்கே பதில் சொல்லும். வாடிக்கையாளரின் தயக்கத்தைச் சரியாக எழுதிவிட்டால் தலைப்புக்காகத் தனியாக மூளையைக் கசக்க வேண்டியிருக்காது. அந்தத் தயக்கம் என்னவென்று தெரியாவிட்டால், விற்பனைப் பிரிவில் தொலைபேசி எடுப்பவரைக் கேளுங்கள். நிறுவனத்தில் வேறு யாரையும்விட அவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

லோகோ, நிறம்

லோகோவைப் பற்றி நிறுவன உரிமையாளர்கள் கவலைப்படும் அளவுக்கு வாடிக்கையாளர்கள் கவலைப்படுவதில்லை; ஆனால் பழகிய ஒன்றை மாற்றினால் மட்டும் உடனே கவனிப்பார்கள். 2009இல் டிராபிகானா நிறுவனம் தன் ஆரஞ்சுச் சாற்றுப் பெட்டியில் இருந்த, உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுப் படத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் குவளையின் படத்தைப் போட்டது. வாங்குவோரிடமிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியது, விற்பனையும் சரிந்தது; சில வாரங்களிலேயே பழைய பெட்டிக்குத் திரும்புவதாக நிறுவனம் அறிவித்தது. 2010 அக்டோபரில் கேப் ஆடை நிறுவனம் வெளியிட்ட புதிய லோகோ ஏறக்குறைய ஒரு வாரம்தான் நீடித்தது. ஆகவே, இருக்கும் சின்னத்தை மக்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்றால், அதைத் தூக்கி எறிவதைவிடக் கோடுகளைச் சீராக்கி, சிறிய அளவிலும் தெளிவாகத் தெரியும்படி திருத்திக்கொள்வதே பெரும்பாலும் போதும்.

புதிதாகச் செய்வதானால் இரண்டு சோதனைகளை வையுங்கள். உலாவித் தாவலில் தோன்றும் 16 பிக்சல் சதுரத்துக்குள் அது என்னவென்று தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு, ஒற்றை நிறத்தில் அச்சிட்டாலும் உருக்குலையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நிழல்களையும் நிறக் கலவைகளையும் நம்பி நிற்கும் சின்னங்கள் ரப்பர் முத்திரைக்கோ துணியில் போடும் தையலுக்கோ உதவுவதில்லை. இறுதிக் கோப்பை எஸ்விஜி அல்லது பிடிஎஃப் போன்ற வெக்டர் வடிவில் (படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகச் சேமிப்பது) பெற்றுக்கொண்டால், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்புகள் சிதையாது.

நிறங்களில் முதன்மை நிறம் ஒன்று, துணை நிறம் ஒன்று, பொத்தான்களுக்கு மட்டுமே உரிய அழுத்தமான நிறம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதுமானது. சிவப்பு பசியைத் தூண்டும், நீலம் நம்பிக்கையை வளர்க்கும் என்பது போன்ற பொது விதிகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நிறத்தின் பொருள் சூழலுக்குச் சூழல் மாறுகிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையேயுள்ள ஒளிவேறுபாடோ அளந்து பார்க்கக்கூடியது. வலைப்பக்கங்களை எல்லோரும் அணுகத்தக்கவையாக ஆக்குவதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 என்ற வேறுபாட்டையும் பெரிய எழுத்துக்கு 3:1 என்ற வேறுபாட்டையும் கேட்கிறது. வெள்ளைப் பின்னணியில் #777777 என்ற சாம்பல் நிறம் 4.48:1 தருவதால் மயிரிழையில் தவறுகிறது, #767676 தேறிவிடுகிறது. வடிவமைப்பாளர்கள் விரும்பிப் பயன்படுத்தும் மென்சாம்பல் எழுத்துகளில் பல இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. வெயிலில் கைப்பேசியைப் பிடித்துப் படிப்பவருக்கு அவை இல்லாததற்குச் சமம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக இருப்பதால், ‘இருப்பு உள்ளது’, ‘இருப்பு இல்லை’ போன்ற தகவல்களை நிறத்தால் மட்டும் சொல்லாமல் சொல்லாலும் சொல்ல வேண்டும்.

தமிழ் எழுத்துகளைக் கையாளும் விதம்

தமிழில் விளம்பரமும் வலைப்பக்கமும் செய்பவர்கள் மிகுதியாகச் சறுக்கும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்ட வார்ப்புருவில் தமிழை ஊற்றினால் முதலில் இடம் பற்றாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகளும் அகலமானவை. ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகளில் அடங்கும் பொத்தான், தமிழில் ‘பதிவுசெய்யுங்கள்’ என்று இரண்டு மடங்குக்கும் மேல் நீண்டுவிடும். எனவே வடிவமைப்பை மாதிரி எழுத்துகளால் நிரப்பிப் பார்க்காமல், தொடக்கத்திலிருந்தே உண்மையான தமிழ் வாசகத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே விசிறியும் புள்ளியும் கீழே உகரக் கொக்கிகளும் வருவதால், வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடச் சற்றுக் கூடுதலான இடைவெளி தேவைப்படும். எழுத்தின் அளவைப்போல 1.6 அல்லது 1.7 மடங்கில் தொடங்கி, கண்ணுக்குப் பொருந்தும்வரை மாற்றிப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் அழுத்தம் கொடுப்பதற்குப் பெரிய எழுத்தும் சாய்வெழுத்தும் இருக்கின்றன. தமிழில் பெரிய எழுத்து என்பதே கிடையாது; சாய்வெழுத்து என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் மென்பொருள் நேரெழுத்தைச் செயற்கையாகச் சாய்த்துத் தருவதுதான். ஆகவே, ஒரே எழுத்துருக் குடும்பத்தில் மெல்லியது முதல் தடித்தது வரை பல எடைகள் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அழுத்தத்தை எடையாலும் அளவாலும் காட்டுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை ஆகியவை திறந்த உரிமத்தில் கூகுள் எழுத்துருக்கள் தளத்தில் கிடைக்கின்றன; வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. தேர்ந்தெடுத்த ஆங்கில எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால், உலாவி தன்னிடமுள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஒரே வரியில் ஆங்கிலம் ஒரு பருமனிலும் தமிழ் வேறொரு பருமனிலும் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அச்சுக்கூடங்களில் இன்றும் புழங்கும் பாமினி போன்ற, ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத எழுத்துருக்களில் அடித்த வாசகத்தை வலைப்பக்கத்தில் ஒட்டினால், வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். வாசகங்களை முதலிலேயே ஒருங்குறியில் அடித்து வைத்துக்கொண்டு, அச்சுக்குத் தேவையானால் அங்கே மாற்றிக்கொள்வதே சரியான வரிசை. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற அடோபி மென்பொருள்களின் பல பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ‘கொ’வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். தமிழ் அறியாத வடிவமைப்பாளரின் கண்ணுக்கு இது பிழையாகவே படாது. அதனால், அச்சுக்குப் போகும் கோப்பைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே அனுப்புங்கள்; முதல்நாள் சரிபார்த்த வாசகமே என்றாலும் கடைசிக் கோப்பில் மீண்டும் பாருங்கள்.

விளம்பரம் சொன்னதைப் பக்கம் தொடர வேண்டும்

ஒரு விளம்பரத்தில் எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது இரண்டாவதாக, எது மூன்றாவதாக என்பதை அளவு, நிறம், வெற்றிடம் ஆகிய மூன்றையும் கொண்டு வரிசைப்படுத்த வேண்டும். முடிந்த வடிவமைப்பைக் கண்ணை இடுக்கிக்கொண்டு, அல்லது படத்தை மங்கலாக்கிப் பாருங்கள்; அப்போதும் துருத்திக்கொண்டு தெரிவது நீங்கள் முதலில் சொல்ல நினைத்ததுதானா? பல விளம்பரங்களில் அப்படித் தெரிவது நிறுவனத்தின் லோகோவாகத்தான் இருக்கிறது. லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லும் ஆசையை உரிமையாளர் அடக்கிக்கொள்வது, வேறெந்தத் திருத்தத்தையும்விட அதிகப் பயன் தரும்.

விளம்பரத்தைத் தட்டியவர் வந்து சேரும் பக்கத்தில்தான் பெரும்பாலான முயற்சிகள் கவிழ்கின்றன. ‘எக்ஸெல் கணக்கை அப்படியே ஏற்றுங்கள்’ என்ற வரியைப் பார்த்து வந்த கணக்காளரை நிறுவனத்தின் முகப்புப் பக்கத்தில் இறக்கிவிட்டால், அங்கே நிறுவனத்தின் வரலாறு, விருதுகள், தானே சுழலும் படங்கள் எல்லாம் இருக்கும். அவர் தேடி வந்தது மட்டும் இருக்காது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அதற்கென ஓர் இறங்கு பக்கம் வேண்டும். அதன் முதல் திரையிலேயே விளம்பரத்தில் இருந்த அதே வரி, அதே படம், அதே நிறம் இடம்பெற வேண்டும். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்ற உறுதி அவருக்கு அப்போதே கிடைத்துவிடும். அதன் கீழே அவருடைய தயக்கத்துக்கான சான்று, அதன் பிறகு விலை, அதன் பிறகு பதிவு. மேல்பட்டியில் பத்து இணைப்புகளை வைத்து அவரை வேறெங்கும் அனுப்ப வேண்டியதில்லை.

பொத்தானில் ‘சமர்ப்பி’ என்று எழுதுவதைவிட, அதை அழுத்தினால் என்ன கிடைக்கும் என்பதை எழுதுங்கள்: ‘ஒரு மாதம் இலவசமாகப் பயன்படுத்துங்கள்’. பக்கத்துக்கு முதன்மைப் பொத்தான் ஒன்றே ஒன்று. அது பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களில் வரலாம், ஆனால் வாசகமும் நிறமும் மாறக்கூடாது. படிவத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, இந்தத் தகவல் இல்லாமல் அடுத்த படியை நம்மால் செய்ய முடியாதா என்று கேளுங்கள். இலவசப் பயன்பாட்டுக்கு மின்னஞ்சலும் நிறுவனத்தின் பெயரும் போதும். முகவரி, பதவி, ஊழியர் எண்ணிக்கை, எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள் என்பவற்றையெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். கட்டத்தின் பெயரைக் கட்டத்துக்கு உள்ளேயே மங்கலாக எழுதி வைத்தால், தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துபோய், எதை நிரப்புகிறோம் என்பதே மறந்துவிடும். பெயர்களைக் கட்டத்துக்கு மேலே வையுங்கள்.

சந்தாவை நிறுத்தும் வழியை ஒளித்துவைப்பது, ‘வேண்டாம்’ என்ற பொத்தானைக் கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் போடுவது போன்ற தந்திரங்களுக்கு ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010இல் ‘டார்க் பேட்டர்ன்ஸ்’ என்று பெயரிட்டார். இப்போது பல நாடுகளின் சட்டங்களே இவற்றைத் தடுக்கத் தொடங்கிவிட்டன. இவற்றால் வரும் கூடுதல் பதிவுகள், பிறகு பணம் திருப்பிக் கேட்கும் மின்னஞ்சல்களாக வந்து சேரும்.

கைப்பேசியும் வேகமும்

திரையின் அகலத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வலை வடிவமைப்பை ஈதன் மார்கோட் 2010இல் முன்வைத்தார். இன்று அதுவே அடிப்படை. கூகுளும் ஒரு தளத்தைக் கைப்பேசியில் தெரியும் வடிவத்தைக் கொண்டே மதிப்பிடுகிறது. இருந்தும், வடிவமைப்பை ஒப்புதலுக்கு அனுப்பும்போது கணினித் திரைக்கான படத்தையே அனுப்பும் வழக்கம் மாறவில்லை. கைப்பேசி வடிவத்தை முதலில் கேளுங்கள்; அதையும் படமாகப் பார்க்காமல் கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் தட்டிப் பாருங்கள். டபிள்யூசிஏஜி 2.2 தட்டும் இடத்துக்குக் குறைந்தபட்ச அளவாக 24 பிக்சல் சதுரத்தைக் கேட்கிறது; முக்கியமான பொத்தான்களுக்கு அதன் இரு மடங்கை ஒதுக்குவது நல்லது.

வேகத்துக்குக் கூகுள் மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது: பக்கத்தின் மிகப் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும். தட்டியதற்குப் பக்கம் 200 மில்லிவிநாடிக்குள் பதில் காட்ட வேண்டும். பக்கம் ஏறும்போது உறுப்புகள் இடம்பெயரும் அளவு 0.1க்கு மேல் போகக்கூடாது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் இவற்றை அளந்து சொல்லிவிடும். முதல் அளவுகோலில் தோற்பதற்குப் பெரும்பாலும் கேமராவிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றப்பட்ட படங்களே காரணம். படத்தைத் திரையில் தோன்றும் அளவுக்குக் குறைத்து, வெப்பி (WebP) அல்லது ஏவிஐஎஃப் (AVIF) என்ற, கோப்பின் அளவைச் சுருக்கும் பட வடிவத்தில் ஏற்றுங்கள். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் நிரலில் குறிப்பிட்டால், படம் வந்ததும் பக்கம் குதிப்பது நின்றுவிடும். தமிழ் எழுத்துருக் கோப்பில் பயன்படுத்தாத எடைகளை ஏற்றுவதும் வீண் சுமை.

விளம்பரத்துக்காகச் செய்த சுவரொட்டியை அப்படியே படமாக வலைப்பக்கத்தில் போட்டுவிடுவது பரவலாகக் காணப்படும் குறுக்குவழி. அந்த எழுத்துகளைத் தேடுபொறியால் நம்பி எடுத்துக்கொள்ள முடியாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானால் படிக்க முடியாது, கைப்பேசியில் அவை எறும்பளவு சுருங்கிவிடும். வாசகம் வாசகமாகவே இருக்கட்டும். படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைத் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் வரி, எழுதுங்கள். இணைப்பை மற்றவர்களுக்குப் பகிரும்போது தோன்றும் முன்னோட்டப் படத்தையும் மறந்துவிட வேண்டாம்: 1200க்கு 630 பிக்சல் அளவில், முக்கியமான எழுத்துகளை நடுவில் வைத்துச் செய்தால், சில செயலிகள் ஓரங்களை வெட்டிச் சதுரமாக்கினாலும் செய்தி தப்பிக்கும்.

அச்சுக்குப் போகும்போது

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் மின்னும் பச்சையும் நீலமும் தாளில் மங்கிவிடும். அச்சுக்கான கோப்பை சிஎம்ஒய்கே என்ற நான்கு மை நிற முறையில், படங்கள் அச்சு அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்கும்படி, வெட்டும் விளிம்புக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுத் தயாரிப்பதே பொதுவான முறை. அச்சகத்தார் வேறு அளவு கேட்டால் அதையே பின்பற்றுங்கள். பிரசுரத்தில் க்யூஆர் குறியீடு வைப்பதானால், அதைச் சுற்றிக் குறைந்தது நான்கு கட்டங்கள் அளவுக்கு வெற்றிடம் விட வேண்டும். வெளிர் பின்னணியில் அடர்நிறக் குறியீடாக இருப்பது பாதுகாப்பானது. அதற்குள் நீண்ட முகவரியை வைத்தால் கட்டங்கள் நுணுகிப்போய் ஸ்கேன் ஆகாது. உங்கள் சொந்தத் தளத்தின் குறுகிய முகவரி ஒன்றை வைத்துக்கொண்டால், இறங்கு பக்கம் பின்னாளில் மாறினாலும் அச்சிட்ட பிரசுரத்தை வீணாக்காமல் அங்கே திருப்பிவிடலாம்.

அளந்து பார்ப்பது, கையில் வாங்கிக்கொள்வது

ஒவ்வொரு விளம்பரத்தின் இணைப்பிலும் அதை அடையாளம் காட்டும் யூடிஎம் குறிப்புகளைச் சேர்த்துவிட்டால், எந்த விளம்பரத்திலிருந்து வந்தவர்கள் பதிவு செய்தார்கள் என்பது பகுப்பாய்வுக் கருவியில் தனித்தனியாகத் தெரியும். பார்த்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைவிட, வேலைக்குறிப்பில் எழுதிய அந்த ஒரே காரியத்தைச் செய்தவர்கள் எத்தனை பேர் என்பதே கணக்கில் கொள்ள வேண்டியது. இரண்டு தலைப்புகளில் எது சிறந்தது என்று ஒப்பிடும்போது, ஒரே காலத்தில் வருகையாளர்களைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டையும் காட்டுங்கள். சென்ற மாதம் ஒன்று, இந்த மாதம் மற்றொன்று என்று காட்டினால் காலத்தின் வேறுபாடும் கூடவே கலந்துவிடும். பத்துப் பதினைந்து பதிவுகளை வைத்து வெற்றியை அறிவிப்பது நாணயம் சுண்டிப் பார்ப்பதைப் போன்றதுதான். வருகை குறைவான தளங்கள் பொத்தானின் நிறத்தைச் சோதிப்பதில் நேரத்தைச் செலவிடாமல், ஐந்தாறு வாடிக்கையாளர்களை அருகில் உட்காரவைத்துத் தளத்தைப் பயன்படுத்தச் சொல்லி, நீங்கள் பேசாமல் அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனிப்பது மேல்.

இந்த வேலைகள் அனைத்துக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. இணைய முகவரி உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். வடிவமைப்பாளரின் பெயரில் பதிவாகி, அவர் தொடர்பில் இல்லாத நாளில் அது காலாவதியானால் தளத்தோடு மின்னஞ்சலும் முடங்கிவிடும். லோகோவின் வெக்டர் கோப்பு, விளம்பரங்களின் திருத்தக்கூடிய மூலக் கோப்புகள், எழுத்துருக்களின் உரிமம், விலைக்கு வாங்கிய படங்களின் உரிமம், தளத்தின் நிர்வாகி கடவுச்சொல், பகுப்பாய்வுக் கணக்கின் உரிமை ஆகிய அனைத்தும் இறுதித் தவணைக்கு முன் கைக்கு வர வேண்டும். வந்த கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்த்து, எல்லாம் திறக்கின்றன என்று தெரிந்த பிறகு அந்தத் தவணையைக் கொடுங்கள்.